காலி வண்டிக் கணக்கு



"எல்லாரும் கவிதையாக் கொடுக்கறாங்கடா, நம்ம பிரிவிலிருந்து ஒரு கட்டுரையாவது வரணும்" என்று மலர்க்குழுவில் இருக்கும் நண்பன் என்னை விடுதி வாசலில் வைத்து மடக்கிவிட்டான். எனக்குக் கவிதை வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் டயர்தான். ஆகவே டயரைப் பற்றியே எழுதுகிறேன். கேலி செய்ய விரும்பும் அன்பர்கள் கடைசி வரி வரை படித்துவிட்டுச் செய்யவும்!

சேலத்திலிருந்து கோவை போகும் நெடுஞ்சாலையில், சங்ககிரிக்குப் பக்கத்தில் என் அப்பாவுக்கு ஒரு பஞ்சர் கடை. ஒரு கொட்டகை, ஒரு கம்ப்ரசர், ஒரு தண்ணீர்த் தொட்டி. ரோட்டோரம் நட்டு வைத்த பழைய லாரி டயர்தான் கடைக்கு போர்டு. அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மா தறிக்குப் போகிறார். எங்கள் வீட்டில் பத்தாவது தேறிய முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்த அன்று அப்பா கடைக்கு வந்த லாரிக்காரர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். "பையன் ஆட்டோமொபைல் படிக்கப் போறானுங்க" என்று சொல்லும்போது அந்த வார்த்தை அவர் வாயில் முழுதாக வரவில்லை. ஆனாலும் பத்துப் பேரிடம் சொன்னார்.

படிப்புச் செலவுக்காக நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஈரோட்டில் ஒரு டயர் கடையில் வேலை பார்க்கிறேன். டயர் மாற்றுவது, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் உண்டு. கடைக்கார அண்ணன் நல்லவர். கடையின் பெயர் இங்கே வேண்டாம். ஏனென்றால் சொல்லப் போகும் தவறு என்னுடையது.

2024-ஆம் ஆண்டு, ஒரு ஞாயிறு. ஒரு அண்ணன் பழைய ஸ்விஃப்ட் கார் ஒன்றைக் கொண்டு வந்தார். வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. யாரோ ஒருவர் அதன் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை ஏற்கெனவே தாழ்த்திக் கொடுத்திருந்தார். முன்பக்கம் ஒன்றரைச் சுற்று, பின்பக்கம் ஒரு சுற்று. வண்டி தரையோடு படுத்த சிறுத்தை மாதிரி நின்றது. பொய் சொல்வானேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது! டிக்கியிலும் பின்சீட்டிலுமாக நான்கு 17 அங்குல அலாய் வீல்கள், டயரோடு. யாரிடமோ பழசாக வாங்கியவை.

"இது என் வண்டிக்கு உக்காருமா தம்பி?" என்றார்.

கடைக்கார அண்ணன் என் பக்கம் கையைக் காட்டினார். "நம்ம தம்பி டிப்ளமோ படிக்குது. கணக்குப் போட்டே சொல்லிரும்."

நண்பர்களே, அந்த ஒரு வார்த்தையில் எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடிவிட்டது! பில் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பினேன்.

அந்தக் காரில் இருந்த டயர் 165/80 ஆர் 14. இதில் 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 80 சதவீதம். 14 என்பது டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். ஆகவே பக்கச்சுவர் 132 மி.மீ. மேலும் கீழுமாக 264. டிஸ்க் 355.6. மொத்த விட்டம் 619.6 மி.மீ.

அவர் கொண்டு வந்தது 205/45 ஆர் 17. பக்கச்சுவர் 92.25, இரண்டு மடங்கு 184.5. டிஸ்க் 431.8. மொத்தம் 616.3 மி.மீ.

"மூணு மில்லிமீட்டர்தாங்ணா வித்தியாசம்! அரை சதவீதத்துக்குக் கொஞ்சம்தான் மேல. ஸ்பீடாமீட்டர்கூட மாறாது. தாராளமா உக்காரும்" என்றேன். கணக்கு சரி. இன்று போட்டாலும் அதே விடைதான் வரும். நான்கு போல்ட்டுக்கான வட்டம் 100 மி.மீ., அதுவும் பொருந்தியது. நடு ஓட்டை கொஞ்சம் பெரிது, அதற்கு ரிங் போட்டோம்.

ஜாக்கியில் தூக்கி மாட்டினோம். கையால் சுற்றிவிட்டால் எங்கும் உரசாமல் அழகாகச் சுழன்றது. இறக்கி வைத்த பிறகு மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பியபோது முன்னால் உள்பக்க பிளாஸ்டிக்கில் லேசாக ஒரு சத்தம். சூடு காட்டி அதை உள்ளே தள்ளிவிட்டோம். கார்க்கார அண்ணன் தனியாக ஏறி ஒரு ரவுண்டு போய் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. என் கையில் 200 ரூபாய் வைத்தார்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். வண்டி ஜாக்கியில் தொங்கியபோது பின்பக்க ஸ்பிரிங் தன் இடத்தில் இறுக்கமாக இல்லை. கையால் ஆட்டினால் ஆடியது. வெட்டிக் குட்டையானதால் சக்கரம் தொங்கும்போது மேல் உட்காரையை அது எட்டவில்லை. நான் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. "உக்காரும்" என்று சொன்ன பிறகு, "ஆனா" என்று இழுக்க மனம் வரவில்லை.

அன்றிரவு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அளந்தேன். 619.6, 616.3 என்று தசம புள்ளியோடு சொன்னேன். அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் ஒரே கேள்வி.

"ஆள் ஏத்திப் பாத்தியா சாமி?"

"இல்லீங்ப்பா. அவரு மட்டும் ஓட்டிப் பாத்தாருங்."

"காலி வண்டியப் பாத்துச் சொன்னா எப்படி? லாரிக்கு டயரு அளவு மாத்துனாக்கூட, லோடு ஏத்துனா பட்டை எவ்வளவு எறங்குதுன்னு பாத்துட்டுத்தான் சொல்லோணும்."

"அது லாரிங்ப்பா. இது காரு" என்றேன். அப்பா மேலே பேசவில்லை. படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

அடுத்த வாரத்தில் ஒருநாள் அந்தக் குடும்பம் பழனிக்குக் கிளம்பியது. வண்டியில் ஐந்து பேர். அண்ணன், அவர் மனைவி, அம்மா, அக்கா, அக்காவின் ஐந்து வயது மகன். டிக்கியில் சாமான். காங்கயம் தாண்டும்போதே ரப்பர் கருகும் வாடை. வேகத்தடை வந்தபோதெல்லாம் பின்னால் 'பர்ர்' என்று ஒரு சத்தம். நல்லவேளை, அக்கா "நிறுத்துடா" என்று கத்தியிருக்கிறார். இறங்கிப் பார்த்தால், இடது பின் டயரின் வெளித்தோளில் சுற்றிலும் கத்தியால் கீறியது போல வெட்டு. ஓரிடத்தில் ரப்பர் போய் உள்ளே நூல் தெரிந்தது. இன்னும் கொஞ்ச தூரம் அதே வேகத்தில் போயிருந்தால் டயர் வெடித்திருக்கும். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு பழனிக்குப் போகாமலே திரும்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த அம்மாவே கடைக்கு வந்துவிட்டார். கார்க்கார அண்ணன்கூட அவ்வளவு கோபப்படவில்லை. அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் கணக்குப் போட்ட புள்ளையா? எம் பேரனை அந்த டயருக்கு நேர் மேலதானப்பா உக்கார வச்சிருந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் குரலில் திட்டே இல்லை. பாடத்தில் தோற்றபோதுகூட நான் அப்படிக் குனிந்து நின்றதில்லை.

கடைக்கார அண்ணன் என் சம்பளத்தில் கை வைக்கவில்லை. "நானும் பாத்துத்தான் மாட்டுனேன். தப்பு கடை மேல" என்றார். அது இன்னும் பாரமாக இருந்தது. அன்றிரவு வீட்டில் சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "நாந்தான் அன்னிக்கே சொன்னேனே" என்று சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு தன் கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு என்னோடு ஈரோட்டுக்கு பஸ் ஏறினார்.

கார் வந்தது. வலது பின் சக்கரத்தில் அதே 17 அங்குல வீல்தான் இருந்தது. அப்பா இடுப்பிலிருந்த சுண்ணாம்பு டப்பாவை எடுத்தார். மட்கார்டின் உள்விளிம்பு முழுக்க விரலால் சுண்ணாம்பைத் தடவினார். கடைப் பையன்கள், கடைக்கார அண்ணன் என ஐந்து பேரை ஏற்றினார். டிக்கியில் இரண்டு பழைய டயர்களை வைத்தார். தரையில் பலகையை அடுக்கி, "மொள்ளமா இது மேல ஏத்தி எறக்குங்க" என்றார்.

இறங்கிப் பார்த்தோம். டயரின் தோளில் வெள்ளைக்கோடு. வெட்டு விழுந்த அதே இடத்தில்!

"இப்ப போடு சாமி உன் கணக்க" என்றார் அப்பா.

போட்டேன். இந்த முறை டேப்பை எடுத்துக்கொண்டு.

முதல் விஷயம், அகலம். 205-இல் 165 போனால் 40. அதில் பாதி, 20 மி.மீ., வெளிப்பக்கம் வரும். அடுத்தது ஆஃப்செட். டிஸ்க்கின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று உண்டு. அந்தக் கோட்டுக்கும் ஹப்பில் போய் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். டிஸ்க்கின் உள்பக்கம் அச்சில் வார்த்திருப்பார்கள். புதிய வீலில் அது பழையதைவிட 10 மி.மீ. குறைவு. குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளும். ஆக 20-உம் 10-உம் சேர்த்து 30 மி.மீ. வெளியே வந்துவிட்டது. மட்கார்டுக்கு உள்ளே ஒதுங்கி ஏறி இறங்க வேண்டிய டயர், விளிம்புக்கு நேர் கீழே நின்றது. நான் விட்டத்தை மட்டும் பார்த்தேன். அகலத்தையும் ஆஃப்செட்டையும் பார்க்கவே இல்லை.

இரண்டாவது, ஸ்பிரிங். காலி வண்டியில் டயருக்கும் விளிம்புக்கும் இடைவெளி 37 மி.மீ. என் இரண்டு விரல் நுழைந்தது அதில்தான். ஐந்து பேர் ஏறியதும் 9 மி.மீ. ஒரு விரல்கூட நுழையாது. அந்த 9 மி.மீட்டரை ஒரு வேகத்தடை தின்றுவிடும்.

"ஸ்பிரிங்கை வெட்டினால் விறைப்பு கூடுமே, குறைவாகத்தானே இறங்கும்?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு சபாஷ். உண்மைதான். கம்பியின் தடிமனும் சுருளின் விட்டமும் மாறாமல் சுற்று மட்டும் குறைந்தால் விறைப்பு அதே விகிதத்தில் ஏறும். வேலை செய்யும் சுற்று 6 என்று வைத்து 1½ வெட்டினால் 6-ஐ 4.5-ஆல் வகுக்க, 1.33 மடங்கு. இது நாம் மூன்றாம் செமஸ்டரில் எழுதிய கணக்குதான். ஆனால் வண்டி ஏற்கெனவே கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறதே! விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடியது. இறங்குவதற்கு இருந்த இடமோ பாதிக்குமேல் போய்விட்டது. பிறகு நல்ல ஸ்பிரிங் மாற்றியபோது அளந்தேன். பின்பக்கம் 40 மி.மீ. உயர்ந்தது. அப்படியென்றால் முன்பு 77 மி.மீ. இருந்த இடம்தான் 37 ஆகியிருந்தது.

மூன்றாவது, ஜாக்கி. ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் கீழே தொங்கும். இடைவெளி மிக அதிகமாக இருக்கும் நேரம் அதுதான். அந்த நேரத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு "உரசலை" என்றேன். வெயில் காலத்தில் கூரையைப் பார்த்துவிட்டு ஒழுகவில்லை என்று சொன்ன கதைதான்!

கடைசியாக அப்பா வண்டியைத் தூக்கச் சொன்னார். பின் ஸ்பிரிங்கைக் கையால் ஆட்டினார். அது ஆடியது.

"இது அன்னிக்கு உனக்குத் தெரியலையா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. "பாத்தேங்ப்பா" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சுண்ணாம்புக் கையைத் தொட்டித் தண்ணீரில் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். அகலமும் ஆஃப்செட்டும் எனக்குத் தெரியாமல் செய்த பிழை. இது தெரிந்து செய்தது. இரண்டும் ஒன்றல்ல என்று அவருக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது.

கல்லூரிக்கு வந்து எங்கள் துறை சாரிடம் சொன்னேன். மேலும் சில விஷயங்களை விளக்கினார். பக்கச்சுவர் 132 மி.மீட்டரிலிருந்து 92 ஆகும்போது குழியில் விழுந்தால் தாங்கும் மெத்தை 40 மி.மீ. குறைகிறது. அந்த அடி நேராக டிஸ்க்குக்குப் போகும். அலாய் என்றாலே எடை குறைவு என்று நாம் நம்புகிறோம். ஆக்கர் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். டயரோடு பழைய 14 அங்குலச் சக்கரம் 14 கிலோ, புதியது 18 கிலோ. ஒவ்வொரு மூலையிலும் 4 கிலோ, அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே! டயரில் அளவுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணையும் பார்க்கச் சொன்னார். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோ. அளவு பெரிதானால் சுமை தாங்குவதும் கூடும் என்று நினைத்துவிடக் கூடாது.

சட்டமும் இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாட்டிக் கொடுத்தது நான். மாட்டிக்கொள்ளப் போவது அந்த அண்ணன்!

அப்புறம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். கார்க்கார அண்ணன் வெட்டிய ஸ்பிரிங்குகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் கம்பெனி அளவு ஸ்பிரிங் போட்டார். 17 அங்குல வீல்களை விற்றுவிட்டு, அதே ஸ்விஃப்ட்டின் உயர் ரகத்துக்குத் தயாரிப்பாளரே கொடுத்த 185/65 ஆர் 15 அளவுக்கு வந்தார். விட்டம் 621.5 மி.மீ. அசலைவிட 2 மி.மீட்டர்கூட அதிகமில்லை. ஆஃப்செட்டைப் பார்த்துத்தான் டிஸ்க் வாங்கினோம். இந்த முறை நானே சுண்ணாம்பு தடவினேன், நானே ஐந்து பேரை ஏற்றினேன். டயரில் கோடு விழவில்லை. முன்பிருந்த சிறுத்தை அழகு கொஞ்சம் குறைந்துதான் போனது. கார்க்கார அண்ணனுக்கு அதில் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் கடைக்கு வந்திருந்த அந்த அம்மா, சுண்ணாம்புக் கோடு விழாத டயரைக் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, பேரனைப் பின்சீட்டில் தூக்கி உட்கார வைத்தார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. போதும் என்று இருந்தது.

தோழர்களே, நம்மில் பலருக்குப் பெரிய வீல் ஆசை இருக்கும். ஆசை தப்பில்லை. விட்டத்தோடு அகலத்தையும் ஆஃப்செட்டையும் பாருங்கள். சுமை எண்ணைப் படியுங்கள். ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். வெட்டிய வண்டி வந்தால் சொல்லத் தயங்காதீர்கள். முக்கியமாக, முழுச் சுமையோடு பார்க்காமல் "சரி" சொல்லாதீர்கள். விட்டக் கணக்கை இப்போது ஃபோனே போட்டுத் தருகிறது. ஆள் ஏற்றிப் பார்க்கும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

இன்னும் சில மாதங்களில் நாம் சான்றிதழோடு வெளியே போகிறோம். "படிச்ச புள்ள சொல்லுது" என்று நம்புகிறவர்கள் இருப்பார்கள். என்னை நம்பி ஒரு பாட்டி தன் பேரனை ஏற்றினார். அந்தச் சுமையையும் சேர்த்துத்தான் நாம் கணக்குப் போட வேண்டும்.

அப்பா இப்போதும் டயரின் பக்கவாட்டில் உள்ள ஆங்கில எழுத்தைப் படிக்க மாட்டார். சனிக்கிழமை ராத்திரி நான் அவருக்குப் படித்துச் சொல்கிறேன். அவர் கேட்கும் கேள்விகளை நான் நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

அனைவருக்கும் தேர்வு நல்வாழ்த்துகள்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு